தீட்டும் கிருமியும்: தென்திருவிதாங்கூர் எல்லைத் தமிழில் தூய்மைக் கருத்து

1. முன்னுரை

நோய் எதனால் வருகிறது என்னும் வினாவுக்கு ஒரு சமுதாயம் கூறும் விடை அதன் மருத்துவ நூல்களில் மட்டும் அடங்கிவிடுவதில்லை. பாட்டிலும் கதையிலும், கிணற்றடிப் பேச்சிலும், சுவரில் ஒட்டப்படும் அறிவிப்பிலும் அவ்விடை பொதிந்து கிடக்கிறது. எதைத் தூயது என்று கொள்வது, எதை அழுக்கு என்று தள்ளுவது என்பன உடல்நலம் பற்றியன மட்டுமல்ல. யார் யாரைத் தொடலாம், யார் எந்த நீரை முகக்கலாம் என்பன பற்றியனவும் ஆகும். இவ்விரண்டும் பின்னிக்கிடக்கும் நிலையைத் தென்திருவிதாங்கூர் எல்லைப்புறத்து எழுத்துகளில் தெளிவாகக் காணலாம். அவ்வெழுத்துகளுள் சிலவற்றைத் திறனாய்வு நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. இணைய வேண்டும் என்று கோரப்பட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையைக் கடந்தால் இஞ்சிவிளை, அதனையடுத்துப் பாறசாலை. ஒரே சாலையின் இரு பக்கத்திலும் ஒரே குடும்பத்தினர் வாழும் ஊர்கள் இவை. மலையாளம் கலந்த தமிழும் தமிழ் கலந்த மலையாளமும் இங்கே வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. ஆகவே எல்லைக்கோட்டின் ஒரு பக்கத்து எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றப் பக்கத்தை விடுவது பொருந்தாது. பழைய தென்திருவிதாங்கூரின் தமிழ் எழுத்தை ஒன்றாகக் கொண்டு நோக்குவதே தகும்.

2. சொல்லும் பொருளும்

முதற்கண் சொற்களை நோக்குதல் வேண்டும். ‘கிருமி’ என்னும் வடசொல் தமிழில் நெடுங்காலம் கண்ணுக்குத் தெரியும் புழுவையே குறித்தது. இராமானுசருக்கு இடர்செய்த சோழனை வைணவ மரபு ‘கிருமிகண்டன்’ என்று குறிப்பது, அவன் கழுத்தில் புழு வைத்தது என்னும் கதையின் அடியாகவே. காலராவுக்குக் காரணமான நுண்ணுயிரை இராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவில் ஆராய்ந்து நிறுவிய பின்னரே, கண்ணுக்குப் புலனாகாத ஒன்றுக்குப் பெயர் வேண்டும் என்னும் தேவை இந்திய மொழிகளுக்கு உண்டாயிற்று. தமிழ் தன்னிடமிருந்த ‘கிருமி’யை அதற்கு ஆக்கிக்கொண்டது. மலையாளமோ ‘ரோகாணு’ என்னும் புதுச்சொல்லை ஏற்றுக் ‘கிருமி’யைக் குடற்புழுவுக்கே விட்டுவைத்தது. எனவே பாறசாலையில் ஒரு தாய் ‘கிருமி’ என்று சொல்லும்போது அவள் கற்ற பள்ளி எந்த மொழிப் பள்ளி என்பதைப் பொறுத்துப் பொருள் வேறுபடுகிறது.

இவ்வாறு வழுக்கும் சொற்கள் பல. தமிழில் ‘பனி’ குளிரைத் தருவது. மலையாளத்தில் அது காய்ச்சல். தமிழர் எலிக்காய்ச்சல் என்பதை மலையாளிகள் எலிப்பனி என்பர். தமிழில் ‘வெள்ளம்’ பெருக்கு. மலையாளத்தில் குடிநீரும் வெள்ளமே. தமிழில் ‘விருத்தி’ வளர்ச்சி. மலையாளத்தில் அது சுத்தம். தமிழில் ‘அணு’ பொருளின் நுண்கூறு. மலையாளத்தில் ‘அணுபாதை’ என்றால் நோய்த்தொற்று. குமரி மாவட்டத்து மேற்குப் பகுதியில் வாழ்வோர் இவற்றின் இரு பொருளையும் இடமறிந்து ஆள்வர். வீட்டை ‘விருத்தியாக’ வைத்திருக்கும் பெண்ணைப் பாராட்டும் ஊர் அது. பேச்சில் இடர் இல்லை. எழுத்தில், அதிலும் முகமறியாத அரசு எழுத்தில், இடர் தொடங்குகிறது.

இவற்றினும் ஆழமான ஒரு சொல் உண்டு. தீண்டாமையைக் குறிக்கும் ‘அயித்தம்’ என்னும் மலையாள வழக்கை ‘அசுத்தம்’ என்பதன் திரிபாகக் கொள்வர். அழுக்கைக் குறித்த சொல்லே ஓர் இனத்தார்க்கு அருகில் வரும் உரிமை இல்லை என்பதைக் குறிக்கவும் ஆகிவிட்டது. தூய்மையைப் பற்றி இவ்வட்டாரத்தில் எழுதும் எவரும் இச்சொல்லின் நிழலைக் கடந்தே எழுத வேண்டியுள்ளது. தீட்டு ஆளின் பிறப்பில் ஒட்டுவது. கிருமி இடத்திலும் செயலிலும் இருப்பது. முன்னதைக் கழுவிப் போக்க முடியாது. பின்னதைப் போக்க முடியும். இவ்விரு கருத்துகளையும் ஒரு படைப்பு எவ்வாறு பிரித்துக் காட்டுகிறது என்பதையே இக்கட்டுரை தன் அளவுகோலாகக் கொள்கிறது.

3. துவையல்: கூட்டாகக் கழுவுதல்

அளவுகோலுக்கு முதலில் உரிய நூல் ‘அகிலத்திரட்டு அம்மானை’. அய்யா வைகுண்டர் (1809–1851) அருளியதாகவும் அரிகோபாலன் சீடர் 1841இல் ஏட்டில் எழுதியதாகவும் அய்யாவழி மரபு போற்றும் நூல் இது. காக்கின் ஆய்வுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது. ஆகவே கிருமிக் கொள்கையை இதில் தேடுவது முறையன்று. ஆயினும் இதில் கூறப்படும் துவையல் தவசு, தூய்மைக் கருத்தின் வரலாற்றில் ஒரு திருப்பம். ஏறத்தாழ எழுநூறு குடும்பத்தார் கன்னியாகுமரிக்கு அருகே வாகைப்பதியில் கூடி, நாள்தோறும் கடலில் மும்முறை நீராடி, ஆடை துவைத்து, எளிய உணவுண்டு வாழ்ந்தனர் என்பது மரபு. சாமித்தோப்பின் முத்திரிக்கிணறு சாதி வேறுபாடின்றி யாவரும் நீராடிய கிணறாக விளங்கியது.

உயர்சாதியார் குளித்த குளத்தை நெருங்க இயலாதவர்கள், நீராடலைத் தமக்குரிய தவமாக ஆக்கிக்கொண்டனர். மேலாடை அணியவும் காலணி இடவும் தடைபட்டிருந்த மக்களின் உடலைப் பற்றிய பேச்சு இது என்பதை மறத்தல் ஆகாது. மேலாடை பற்றிய அரசாணை 1859இல்தான் பிறந்தது. இலக்கிய நோக்கில் கருதத்தக்கது அம்மானை என்னும் வடிவம். அது தனிவாசிப்புக்கு உரியதன்று. ஒருவர் படிக்கப் பலர் கேட்பது. ‘சான்றோர்’ என்று ஒரு கூட்டத்தையே அது விளிக்கிறது. ஆகவே கழுவுதல் இங்கே தனிமனிதப் பழக்கமாகாமல் கூட்டு நிகழ்ச்சியாகிறது. அழுக்கர் என்று பிறர் இட்ட பெயரைக் கூட்டமாக நின்று கழுவிக் களைந்தனர் என்பதே நூல் தரும் காட்சி.

நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் இதற்கு இணை உண்டு. 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கத்தை நிறுவிய நாராயணகுரு, தமிழிலும் பதிகங்கள் இயற்றியவர். 1928இல் சிவகிரி யாத்திரைக்கு அவர் வகுத்த எட்டு நோக்கங்களுள் கல்விக்கு அடுத்ததாகத் தூய்மை வைக்கப்பட்டது. பக்தி மூன்றாவதாகவே வருகிறது. இவ்வரிசை தற்செயலானது எனத் தோன்றவில்லை.

4. கவிமணியின் ‘உடல்நலம் பேணல்’

தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) ஆசிரியராகப் பணிபுரிந்தவர். ‘மலரும் மாலையும்’ தொகுப்பில் உள்ள ‘உடல்நலம் பேணல்’ என்னும் பாடலைப் பாடநூல் வழியாகத் தமிழ்ச் சிறுவர் பலர் மனப்பாடம் செய்துள்ளனர். எளிமை காரணமாகவே திறனாய்வாளர் இதனை அதிகம் பொருட்படுத்தவில்லை எனலாம். ஆயினும் இவ்வட்டாரச் சூழலில் வைத்துப் படிக்கும்போது இப்பாடல் புதுப்பொருள் பெறுகிறது.

பாடல் சுத்தத்தை யாருக்கு அடைமொழியாக்குகிறது என்று நோக்குதல் வேண்டும். சுத்தமுள்ள இடத்தில் சுகம் உண்டு என்பதே அதன் கூற்று. சுத்தம் இடத்துக்கு அடையாக நிற்கிறது. ஆளுக்கு அடையாக நிற்கவில்லை. இச்சிறு இலக்கண உண்மையில் ஒரு பெரிய சமுதாய மாற்றம் அடங்கியுள்ளது. தீட்டு ஆளும் நாட்டில், இன்னார் சுத்தமானவர் என்று சொல்லாமல், இவ்விடம் சுத்தமானது என்று ஒரு கவிஞர் பாடுகிறார். அடுத்து, அரசனையும் கூழ் குடிப்பவனையும் அவர் ஒரே பாடலில் நிறுத்துகிறார். அரசனாயினும் உழைத்தால்தான் நாள்தோறும் வைத்தியரை நாட வேண்டாத நிலை வரும். கூழே குடித்தாலும் குளித்தபின் குடிக்க வேண்டும். நோய் இருவரையும் ஒன்றாகவே காண்கிறது. நோய் வருமுன் காத்தல் என்னும் முடிவுரையும் விதியை நோக்கிச் செல்லாமல் செயலை நோக்கிச் செல்கிறது.

இது பாடலின் வெற்றி. அதன் எல்லையையும் சுட்ட வேண்டும். அம்மானை கூட்டத்தை விளித்தது. கவிமணி ‘நீ’ என்று ஒருவனை விளிக்கிறார். அன்புமிக்க ஆசிரியரின் விளி அது. ஆனால் குளித்தபின் கூழ் குடி என்று சொல்லப்படும் ஏழை எங்கே குளிப்பான் என்னும் வினாவைப் பாடல் எழுப்பவில்லை. திருவிதாங்கூரில் ஆலய நுழைவு அறிவிப்பு வெளியானது 1936 நவம்பர் 12இல். பொதுக்கிணறும் பொதுக்குளமும் எல்லார்க்கும் திறந்திருந்த காலமன்று அது. நன்னீர் வேண்டும் என்பது அறிவுரை. நன்னீர் கிடைக்க வேண்டும் என்பது உரிமை. பாடல் முன்னதோடு நின்றுவிடுகிறது. குழந்தைப் பாடலிடம் உரிமைப் போரை எதிர்பார்ப்பது முறையா என்று கேட்கலாம். எதிர்பார்க்க வேண்டியதில்லை, ஆனால் அப்பாடலையே நெடுங்காலம் சுகாதாரக் கல்வியின் முழு வடிவமாகக் கொண்ட பாடநூல் மரபை வினவத்தான் வேண்டும்.

5. கொக்கிப்புழுவும் வெறுங்காலும்

கவிமணி எழுதிவந்த அதே காலத்தில் நெய்யாற்றின்கரையில் வேறு வகையான ஒரு பணி நடந்தது. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிலையம் 1920களின் இறுதியில் திருவிதாங்கூர் அரசுக்குச் சுகாதாரப் பணியில் துணைநிற்கத் தொடங்கியது. 1930களின் தொடக்கத்தில் நெய்யாற்றின்கரையில் அமைந்த சுகாதாரப் பிரிவு, ஊரகச் சுகாதாரத்துக்கு முன்மாதிரியாக இந்தியாவில் தொடங்கப்பட்ட முதற்பிரிவுகளுள் ஒன்று. வந்த நோயாளியைப் பார்ப்பதோடு நில்லாமல் ஊருக்குள் சென்று நோயைத் தடுப்பது இத்தகைய பிரிவுகளின் நோக்கம்.

அந்நாளைய பெரும்பகைவன் கொக்கிப்புழு. இதன் இயல்பு இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருங்கியது. நோயுற்றவரின் மலத்தோடு வெளியேறும் முட்டை, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பொரிந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகிறது. குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சுகிறது. தென்னையும் பலாவும் நிழல்செய்யும் ஈரமண் விளைகள் இதற்கு ஏற்ற இடம். நாள்தோறும் மும்முறை குளிப்பவனையும் இப்புழு விடாது. குளியலால் வரும் தூய்மை வேறு, இப்புழுவைத் தடுக்கும் தூய்மை வேறு. பின்னதற்குக் கழிப்பிடமும் காலணியும் வேண்டும்.

காலணி இடும் உரிமை முன்னொரு காலத்தில் யாருக்கு மறுக்கப்பட்டதோ அவர்களின் பாதமே இப்புழுவுக்கு வாயிலாயிற்று. தீட்டுக் கொள்கை, தான் அழுக்கர் என்று ஒதுக்கியவர்களை உண்மையான அழுக்குக்கு இரையாக்கியது. இவ்வட்டாரத்துச் சுகாதார வரலாற்றின் மையமான இம்முரணைத் தமிழ்ப் படைப்பாளர் எவரேனும் முழு அளவில் எடுத்தாண்டிருந்தால் அது பெரும் படைப்பாக மலர்ந்திருக்கும்.

6. தோட்டியின் மகன்

அம்முரணை வேறொரு களத்தில் காட்டும் படைப்பு மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்தது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியுடெ மகன்’ 1947இல் வெளியான நாவல். நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி தம் எழுத்துவாழ்வின் தொடக்கத்திலேயே இதனைத் ‘தோட்டியின் மகன்’ எனத் தமிழாக்கினார். நூல்வடிவம் பெற்றது 2000இல். களம் ஆலப்புழை. மாந்தர் பெயர்களோ இசக்கிமுத்து, சுடலைமுத்து. இவை நெல்லை, குமரி மண்ணின் காவல் தெய்வப் பெயர்கள். மலையாள நகரம் ஒன்றின் மலத்தை அள்ளத் தென்தமிழ் நாட்டார் எல்லை கடந்து சென்ற கதை இது. ஆதலின் இது மொழிபெயர்ப்பு என்பதைவிடத் தம்மவர் கதையைத் தம் மொழிக்கு மீட்டுக்கொண்டது என்பதே பொருந்தும்.

சுடலைமுத்து தன் மகன் தோட்டியாகக் கூடாது என்று உறுதி கொள்கிறான். மகனுக்கு மோகனன் என்று பெயரிடுகிறான். அப்பெயரே நகைப்புக்கு உள்ளாகிறது. தன் உடலைக் கழுவுகிறான், பணம் சேர்க்கிறான், தோழர்களின் சங்கத்தையே காட்டிக்கொடுக்கிறான். தனியொருவனாகத் தூய்மையடைந்துவிட முயல்பவனின் வீழ்ச்சி அவனுடையது. அம்மையும் காலராவும் ஊரில் பரவும்போது முதலில் மடிவது தோட்டிகளின் குடியிருப்பே. நகரைத் தூய்மை செய்பவர்க்கு நகர் தூய்மையைத் தருவதில்லை. கிருமி எந்தச் சாதியையும் அறியாது என்பது உண்மை. ஆனால் எந்தச் சாதியார் கிருமியின் நடுவே வாழவேண்டும் என்பதைச் சமுதாயம் முடிவு செய்கிறது. நாவல் இதனை விளக்கவுரையாகச் சொல்லாமல் வாளியும் வண்டியும் கொண்டு காட்டுகிறது. கவிமணி எழுப்பாத வினாவுக்குத் தகழி எழுதிய விடை என்று இதனைக் கொள்ளலாம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டங்கள் 1993இலும் 2013இலும் வந்தன என்பதை எண்ணும்போது நாவல் எவ்வளவு முந்திப் பேசியது என்பது விளங்கும்.

7. தொடுதலின் மருத்துவம்

நெய்யூரில் இலண்டன் மிஷன் 1838இல் மருத்துவப் பணியைத் தொடங்கியது. பாறசாலையும் அம்மிஷனின் நிலையமாக இருந்தது. 1922, 1924ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட மருத்துவர் தியோடர் ஹோவார்ட் சாமர்வெல் நெய்யூரில் பல்லாண்டு பணியாற்றினார். அவரை நடுவாக வைத்து ஜெயமோகன் எழுதிய ‘ஓலைச்சிலுவை’ ‘அறம்’ (2011) தொகுப்பில் உள்ளது. காலராக் காலத்தின் துயரம் அக்கதையில் வருகிறது.

தொற்றும் நோய் பரவும் காலத்தில் நோயாளியைத் தொடுபவன் எவன் என்பதே அக்கதையைப் படிப்பவர் மனத்தில் நிற்கும் வினா. தீட்டுக் கொள்கையும் கிருமிக் கொள்கையும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே கட்டளையை இடுகின்றன: விலகி நில். ஆனால் தீட்டு என்றென்றும் விலகி நிற்கச் சொல்கிறது. கிருமியை அறிந்த மருத்துவமோ எப்படிக் கை கழுவிவிட்டு மீண்டும் தொடுவது என்று கற்பிக்கிறது. கை கழுவுவது தொடுவதற்காக. தொடாமல் இருப்பதற்காக அன்று. இவ்வேறுபாட்டை உணர்ச்சியாக்கியதே அக்கதையின் சிறப்பு. அதன் குறை, மருத்துவரின் உருவம் மிக ஓங்கி நிற்பதால் ஊரார் தாமே செய்துகொண்ட தற்காப்புகள் பின்னுக்குச் சென்றுவிடுவது. கழுவுதலைத் தாமே தவமாக்கிய மக்களின் மரபு அம்மண்ணில் முன்பே இருந்தது என்பதை மேலே கண்டோம்.

8. இன்றைய அறிவிப்பு மொழி

இலக்கியத்துக்கு இட்ட அளவுகோலை அறிவிப்பு எழுத்துக்கும் இடுதல் வேண்டும்; உயிரோடு நேரடித் தொடர்புடையது அதுவே. 2020ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்றுக் காலத்தில் களியக்காவிளை எல்லை மூடப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் பூந்துறையிலும், நெய்யாற்றின்கரை வட்டத்துக் கடலோர ஊரான புல்லுவிளையிலும் சமூகப் பரவல் ஏற்பட்டதாகக் கேரள முதல்வர் அறிவித்தார். நோய் ஓரிடத்தில் பரவியது என்னும் செய்தி, இன்ன ஊரார் நோயர் என்னும் பேச்சாக மாறுவதற்கு நெடுநேரம் ஆவதில்லை. தமிழில் ‘சமூக இடைவெளி’ என்னும் சொல் வழங்கியபோது, அது சாதி விலக்கின் பழைய வாடையை வீசுகிறது என்று பலர் மறுத்து, ‘தனிநபர் இடைவெளி’ என்பதை முன்வைத்தனர். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இடத்திலிருந்து ஆளுக்குத் திரும்பும் அழுக்கைத் தடுக்கும் முயற்சி.

2024 ஜூலையில் நெய்யாற்றின்கரையில் விடுதி ஒன்றில் காலரா உறுதிசெய்யப்பட்டது. அதே காலத்தில் நெய்யாற்றின்கரைக்கு அருகே கண்ணறவிளைப் பகுதியில், குளத்தில் குளித்த இளைஞர் சிலர் அமீபாவால் உண்டாகும் மூளைக்காய்ச்சலுக்கு ஆளாயினர், ஒருவர் இறந்தார். இந்நோய் பழைய கருத்துகள் அனைத்தையும் திணறடிக்கிறது. குளத்தில் மூழ்கி எழுவதே தூய்மை என்று தலைமுறைகளாகக் கற்ற ஊரில், அக்குளியலே நோய்க்கு வழியாகிறது. அமீபா உள்ள நீரைக் குடித்தால் இந்நோய் வருவதில்லை. மூக்கின் வழியே நீர் ஏறினால்தான் வருகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது ஒட்டுவதும் இல்லை.

இப்பொழுது அறிவிப்பின் மொழியைக் கருதுவோம். தமிழில் ‘தொற்றுநோய்’ என்றால் தொட்டால் ஒட்டுவது என்றே மக்கள் கொள்வர். அச்சொல்லை இங்கு ஆண்டால் நோயுற்றவர் வீட்டை ஊரார் விலக்கிவைப்பர், குளத்தை விலக்கமாட்டார்கள். ‘அமீபிக் மஸ்திஷ்கஜ்வரம்’ என்னும் மலையாள வழக்கைத் தமிழெழுத்தில் பெயர்த்தால் தமிழ் மட்டும் கற்ற முதியவர்க்கு அது ஒலியாகவே நிற்கும். ‘மூளையை உண்ணும் அமீபா’ என்னும் செய்தித்தாள் வழக்கு அச்சத்தைத் தரும், வழியைத் தராது. தேங்கிய நீரில் முங்கிக் குளிக்காதீர், மூக்கில் நீர் ஏறவிடாதீர், நோயாளியைத் தொடுவதால் இது வராது என்னும் மூன்று எளிய தொடர்கள் போதும். இடம், செயல், ஆள் ஆகிய மூன்றையும் அவை பிரித்துக் காட்டுகின்றன. இவற்றை எழுதப் பெரும்புலமை வேண்டா. படிப்பவன் எந்தச் சொல்லை எப்பொருளில் கேட்பான் என்னும் அறிவு வேண்டும்.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ள இடமளிக்கிறது. மடல் எழுதும் உரிமையினும் முதன்மையானது, நோய்க்காலத்தில் தம் மொழியில் அறிவுரை கேட்கும் உரிமை. அவ்வாறே குமரி மாவட்டத்து அறிவிப்புகளும் சென்னைத் தமிழை அப்படியே கொள்ளாமல் எல்லைத் தமிழின் செவியை அறிந்து எழுதப்படுதல் வேண்டும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. அகிலத்திரட்டு அம்மானை கழுவுதலைக் கூட்டு உரிமையாக்கியது. கவிமணி சுத்தத்தை ஆளிலிருந்து இடத்துக்கு மாற்றினார். ஆனால் அவ்விடத்தை அடையும் வழியைச் சொல்லவில்லை. தகழியின் நாவலும் சுந்தர ராமசாமியின் தமிழும், அழுக்கின் நடுவே யார் நிறுத்தப்படுகின்றனர் என்பதைக் காட்டின. ‘ஓலைச்சிலுவை’ தூய்மையைத் தொடுதலுக்கான ஆயத்தமாகக் கண்டது. இவை நான்கும் வெவ்வேறு காலத்தன, வெவ்வேறு நம்பிக்கையின. ஆயினும் அழுக்கைப் பிறப்பிலிருந்து பிரிக்கும் பணியில் ஒன்றுக்கொன்று துணைநிற்கின்றன.

அப்பணி முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு கொள்ளைநோயின்போதும் கிருமி மீண்டும் ஆளின் மேல், ஊரின் மேல், தொழிலின் மேல் ஏற்றப்படுகிறது. அதனைத் தடுப்பதில் சோப்புக்கும் குளோரினுக்கும் உள்ள பங்கு சொல்லுக்கும் உண்டு. பாறசாலையில் ஒட்டப்படும் ஒரு சிறு சுவரொட்டியும் திறனாய்வுக்கு உரிய எழுத்தே. அதில் தவறி விழும் ஒரு சொல்லுக்கு விலை கொடுப்பவர், பெரும்பாலும் அதனைப் படிக்கத் தெரியாத ஒருவராகவே இருக்கிறார்.